கல்லேரிக்கு நூற்றெழுபத்தோரு கிலோமீட்டர்

முட்டாள்தனத்துக்கு எல்லையே இல்லை என்று சொல்கிறவர்கள் மந்தணம்பாளையத்தைப் பார்த்ததில்லை. அங்கே எல்லை இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே ஒரு எல்லைக்கல், மேற்கே ஒரு எல்லைக்கல். இரண்டுக்கும் நடுவில் குடியிருக்கிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கதை.

ஊருக்கு வடக்கே கொம்பாடி மலை. அந்தச் சீமையில் மலைதான் சாமி. அடிவாரத்தில் ஆட்டுப்பட்டி அளவுக்கு ஒரு கோயிலும் அதற்குள் முழ உயரத்துக்கு ஒரு கல்லும் உண்டு. ஆனால் பூசாரி கல்லுக்குக் காட்டிய சூடத்தை அப்படியே வெளியே கொண்டுவந்து மலைக்கும் ஒருதரம் காட்டிவிட்டுத்தான் கீழே வைப்பார். மலையைச் சுற்றி வளையம் போட்டாற்போல் ஒரு தார் ரோடு போகிறது. முழுச் சுற்று நூற்றெண்பது கிலோமீட்டர்.

இந்தக் கதை நடப்பதற்கு முந்தின வருஷம் சுற்றுலாக்காரர்கள் யாரோ வந்து அந்த ரோடு நெடுக மஞ்சள் பலகைகளை நட்டு, ‘மலைசுற்றும் சைக்கிள் பாதை’ என்று எழுதி, ஒரு வரைபடமும் அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வரைபடத்தின் அடியில், ‘குடிநீர் எடுத்துச் செல்லவும். எந்தத் திசையிலும் செல்லலாம்’ என்று இரண்டு வரி இருந்தது. அந்த இரண்டாவது வரிதான் குடியைக் கெடுத்தது. இந்தப் பக்கம் போ என்று ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தால் பேசாமல் போயிருப்பார்கள். யோசிக்கத் தெரியாதவர்களைப் பார்த்து உங்கள் இஷ்டம் என்று சொல்வதைப் போன்ற பாவம் வேறில்லை.

மந்தணம்பாளையத்தில் ஒரு சைக்கிள் கழகம் உண்டு. உறுப்பினர் நான்கு பேர், சைக்கிள் நான்கு, காற்றடிக்கும் பம்பு ஒன்று. தலைவர் சென்னியப்பன், மற்றவர்களைவிட மீசை பெரிது என்பதால் தலைவர். வெள்ளியங்கிரி படித்தவன். எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தபடியால் எட்டாவது ஒருமுறை மட்டும் படித்தவர்களைவிட மூன்று மடங்கு படித்தவன் என்று ஊரில் பேச்சு. குழந்தைவேலு யோசனைக்காரன். அவன் யோசனையைக் கேட்டு இதுவரை யாரும் செத்துப் போகவில்லை என்பதே அவனுக்கு நற்சான்று. நான்காவது ஆள் நாச்சிமுத்து. நாம் இவனை ஒட்டிக்கொண்டுதான் போகப் போகிறோம், ஏனென்றால் கலியாணம் இவனுக்கு.

நாச்சிமுத்துவுக்கு வயது முப்பத்தாறு. இந்த மூன்று மடையர்களோடு சேர்ந்து திரிவதால்தான் தன் புத்தி வெளியே தெரியவில்லை என்பது அவன் எண்ணம். மற்ற மூன்று பேருக்கும் தனித்தனியே அதே எண்ணம் இருந்தது அவனுக்குத் தெரியாது. பதினோரு இடத்தில் பெண் பார்த்து, பதினோரு இடத்திலும் காப்பி குடித்துவிட்டுச் சும்மா திரும்பியவன். பன்னிரண்டாவதாகத் தகைந்து வந்தது கல்லேரிச் செங்கோடன் மகள் மயிலாத்தாள்.

அவளை அவன் ஏற்கெனவே சந்தையில் ஒருமுறை பார்த்திருந்தான். கத்தரிக்காய்க்காரன் ஒரு பாட்டம் பேசித் தீர்த்த பிறகு அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். கடைக்காரன் வாயை மூடிக்கொண்டு எடை போட்டான். விடிந்தால் அடைந்தால் வாய்ச்சவடால்காரர்களோடு கிடந்தவனுக்கு அது பெரிய அதிசயமாகப் பட்டது. அன்றிலிருந்து கத்தரிக்காயைப் பார்த்தாலே அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. முட்டாளுக்கும் ஆசை நிஜமாகத்தான் வருகிறது, அதை மறுக்க முடியாது.

கல்லேரி அதே மலை ரோட்டில் கிழக்கே ஒன்பது கிலோமீட்டரில் இருக்கிறது. செங்கோடன் பழைய சைக்கிள் பிரியர். வாடகைக் காரில் வந்து இறங்கிய மூன்று மாப்பிள்ளைகளை வாசலோடு திருப்பி அனுப்பியவர். சொந்தக் காலால் மிதித்து வருகிறவனாக இருந்தால் வரட்டும், புதன்கிழமை காலை பத்தரைக்குள் வந்து பூவும் தட்டும் வைக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். பதினோரு மணிக்குப் பால் சொசைட்டிக் கிளார்க் ஒருவன் வருவதாக இருந்தது, அவனும் சைக்கிளில்தான். தரகர் ராயப்பன் இதையெல்லாம் நாச்சிமுத்துவுக்கு இரண்டு தடவை எடுத்துச் சொன்னார். புதன்கிழமை எட்டரைக்குக் கிளம்பி மிதித்தால் போதும், இதுவும் தட்டிப் போனால் இனி தன் வாசலை மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு வேறொரு இடத்துக்கு ஜாதகம் காட்டப் போய்விட்டார். அவர் ஊரில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நல்ல காரியமாயிற்றே என்று நாச்சிமுத்து பூசாரியிடம் போய் வழி கேட்டான். போகிற வழியில்தான் கோயில். நுழைந்து பதினோரு எட்டு வைத்தால் ஒரு சுற்று முடிந்துவிடும். பூசாரி அதை நினைத்துக்கொண்டு சொன்னார்:

“சாமியை வலமா வெச்சுட்டுப் போ. எடது கைப் பக்கம் மட்டும் உட்றாத. உட்டீன்னா காரியம் கெட்டுப் போயிரும்.”

நாச்சிமுத்து கோயிலைவிட்டு வெளியே வந்தான். எதிரே சாமி நின்றது. ஐயாயிரம் அடி உயரம், நூற்றெண்பது கிலோமீட்டர் சுற்றளவு. சனிக்கிழமை காலையில் கழகத்தைக் கூட்டினான்.

கழகம் கூடுவது ஊர்க்கோடியில், எடை போடுவதை நிறுத்திவிட்ட பழைய எடைமேடைக் கொட்டகையில். வரைபடத்தைத் தரையில் விரித்து நான்கு பேரும் நான்கு பக்கம் உட்கார்ந்தார்கள். கல்லேரிக்கு எந்தப் பக்கமாகச் சுற்றிப் போனால் மலை வலது கைப் பக்கம் வரும் என்பது கேள்வி. சென்னியப்பனுக்கு ஒரு பக்கம் வலதாக இருந்தது, எதிரே உட்கார்ந்திருந்த குழந்தைவேலுவுக்கு அதே பக்கம் இடதாக இருந்தது. படத்தைத் திருப்பிப் பார்த்தார்கள், வலது போய் இடது வந்தது. அச்சடித்தவன் தப்பாக அடித்துவிட்டான் என்று வெள்ளியங்கிரி தீர்ப்புச் சொன்னான். கடைசியில் நால்வரும் ஒரே பக்கமாக, ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக வரிசையில் உட்கார்ந்தார்கள். அப்போது தகராறு வரவில்லை. முன்னால் இருந்தவனைத் தவிர யாருக்கும் படம் தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் குழந்தைவேலுவுக்கு யோசனை பிறந்தது. மேற்கே போனால் ஏற்றம் என்று படத்தில் போட்டிருக்கிற இடமெல்லாம் கிழக்கே போகிறவனுக்கு இறக்கம். அப்படியானால் ஏற்றம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது, தப்பான பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் ஏற்றம்.

“ஏத்தம் வந்தா சைக்கிளைத் திருப்பிக்கோணும். அது அப்பவே இறக்கமாயிருதா இல்லியா?” என்றான்.

இத்தனை வருஷமும் வீணாக மூச்சு வாங்கினோமே என்ற வருத்தம் மற்ற மூன்று பேருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்ப்பது என்று முடிவாயிற்று.

ஊருக்கு மேற்கே ஆலாம்பள்ளத்தில் ரோடு இறங்கி ஏறுகிறது. நான்கு பேரும் ஜோராக இறங்கினார்கள். எதிர் ஏற்றத்தில் பாதி ஏறியதும் சைக்கிளைத் திருப்பினார்கள். சொன்னபடியே அது இறக்கமாகிவிட்டது. இறங்கிய வேகத்தில் இந்தப் பக்க ஏற்றத்தில் பாதி ஏறினார்கள், மறுபடி திருப்பினார்கள். தொட்டில் ஆடுவதைப் போல அங்குமிங்கும் ஆடி, ஆட்டம் சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் பள்ளத்தின் நடுமத்தியில் நான்கு சைக்கிளும் அசையாமல் நின்றன. இரண்டு பக்கமும் ஏற்றம். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏற்றம். சாயங்காலம் கரும்புத்தோகை ஏற்றிக்கொண்டு போன டிராக்டர்காரன் ஒருவன் இவர்களையும் தோகை மேல் போட்டுக்கொண்டு ஊரில் இறக்கிவிட்டான். யோசனை சரிதான், பள்ளம்தான் சரியில்லை என்று குழந்தைவேலு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

புதன்கிழமைக்கு இரண்டு நாள்தான் பாக்கி. நாச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்து போய் ரோட்டின் நடுவில் நின்றான். கிழக்கே பார்த்து நின்றால் மலை இடது கைப் பக்கம் இருந்தது. மேற்கே பார்த்துத் திரும்பினான், மலை வலது கைப் பக்கம் வந்துவிட்டது. மறுபடி ஒருமுறை திரும்பிப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டான். கழகம் தொடங்கிய நாளிலிருந்து அதில் யாரும் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். அதுவும் கிழக்கே ஒன்பது கிலோமீட்டரில் இருக்கிற பெண் வீட்டுக்கு மேற்கே நூற்றெழுபத்தோரு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போவதற்கு உதவியது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மலையைச் சுற்றித் தொட்டவர்கள் இவர்கள்தான்.

திங்கட்கிழமை விடியற்காலை புறப்பட்டார்கள். ‘குடிநீர் எடுத்துச் செல்லவும்’ என்று போட்டிருந்தபடியால் வெள்ளியங்கிரியின் சைக்கிளில் பின்னால் ஒரு குடம் தண்ணீரைக் கட்டினார்கள். வழியெல்லாம் தொண்டை வறண்டு சுற்றிலும் கிணறு தேடிய போதும் அந்தத் தண்ணீரை யாரும் தொடவில்லை. எடுத்துச் செல்லச் சொல்லியிருக்கிறதே தவிர, குடிக்கச் சொல்லவில்லை.

வலது கை எது என்று வழியில் மறந்துவிடாமல் இருக்க நாச்சிமுத்து எல்லோர் கையிலும் மஞ்சள் காப்புக் கட்டினான். அவன் கையில் அவன் அம்மா சரியாகக் கட்டியிருந்தாள். மற்ற மூன்று பேருக்கும் அவன் எதிரே நின்று, தன் வலது கைக்கு நேராக இருந்த கையில் கட்டிவிட்டான். இரண்டு கிலோமீட்டர் போன பிறகுதான் சென்னியப்பன் பார்த்தான். நாச்சிமுத்துவின் காப்பு மலைப் பக்கம் இருந்தது, மற்ற மூவரின் காப்பும் வயல் பக்கம் இருந்தது. காப்பை அவிழ்த்துக் கட்டலாம் என்றால் காரியம் முடிவதற்குள் காப்பை அவிழ்க்கக் கூடாது என்பது சாத்திரம். காப்புக் கட்டின கைதான் வலது கை, அதில் மாற்றுப் பேச்சுக் கிடையாது என்று தலைவர் சொல்லிவிட்டார்.

ஆகவே மூன்று பேரும் கைகளைக் குறுக்காக மாற்றி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மிதித்தார்கள். இப்போது காப்பு மலைப் பக்கம் வந்துவிட்டது. வலப்பக்கம் திருப்ப நினைத்தால் சைக்கிள் இடப்பக்கம் போயிற்று. பத்துக் கிலோமீட்டருக்குள் மூன்று பேரும் ஆளுக்கு மூன்று முறை வாய்க்காலில் விழுந்தார்கள். குடத்தை மட்டும் எப்படியோ காப்பாற்றினார்கள். இருபதாவது கிலோமீட்டரில் அவர்களுக்கு அது பழகிப் போயிற்று. முட்டாளுக்கு எதுவும் பழகிவிடும், அதுதான் அவனிடம் உள்ள ஆபத்து.

மத்தியானம் புளியமரத்தடியில் படுத்தபோதும் மலைக்கு வலது தோளைக் காட்டித்தான் படுத்தார்கள். தூக்கத்தில் யாராவது புரண்டு படுத்தால் சாமி இடது பக்கம் போய்விடும் என்று ஒருவன் மாற்றி ஒருவன் காவல் இருந்து, புரளப் போனவனை உதைத்து எழுப்பினார்கள். எழுந்தபோது படுப்பதற்கு முன் இருந்ததைவிட அதிகக் களைப்பாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மலையின் வடகிழக்கு முகத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். மஞ்சள் பலகையில் ‘மந்தணம்பாளையம் 120’ என்று இருந்தது. நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷம் பொங்கியது. ஐம்பத்தோரு கிலோமீட்டர்தான் பாக்கி, பொழுது நிறைய இருந்தது. டீயைக் குடித்துவிட்டு மறுபடி மிதித்தார்கள். நான்கு கிலோமீட்டர் தாண்டியதும் அவன் பின்னால் கையை விட்டுப் பார்த்தான். பெண்ணுக்கு வைக்க வேண்டிய பூவும் பட்டும் தட்டும் கட்டியிருந்த மூட்டையைக் காணோம். டீக்கடைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

மற்ற எந்த ஊர்க்காரனும் சைக்கிளைத் திருப்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்திருப்பான். நாச்சிமுத்துவும் திருப்பத்தான் போனான். சென்னியப்பன் ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

“திருப்புனீன்னா மலை எடது கைப் பக்கம் வந்துரும்டா. அப்பறம் பூவு எதுக்கு, தட்டு எதுக்கு?”

“பூவு இல்லாம போனா மட்டும் பொண்ணு குடுப்பாங்களா?” என்றான் நாச்சிமுத்து.

இப்படியே முன்னால் போய் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தால் நூற்றெழுபத்தாறாவது கிலோமீட்டரில் டீக்கடை வந்துவிடும் என்று வெள்ளியங்கிரி விரல்விட்டுச் சொன்னான். அதற்குள் பால் சொசைட்டிக் கிளார்க்குக்குப் பிள்ளையே பிறந்துவிடும். நாச்சிமுத்து ரோட்டோரம் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். கத்தரிக்காய்க் கடையில் அவள் நின்ற நிற்பு கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று.

குழந்தைவேலு சொன்ன யோசனைதான் அவனைக் காப்பாற்றியது. நான்கு பேரும் முகத்தைத் திருப்பாமல், சைக்கிளையும் திருப்பாமல், போகிற திசையையே பார்த்துக்கொண்டு பின்னுக்கு நடந்தார்கள். சைக்கிளும் பின்னுக்கே உருண்டது. மலை வலது கைப் பக்கம் அப்படியே இருந்தது. ஒருவன் போனால் போதும், ஆனால் கழகத்துக்கு ஒற்றுமை முக்கியம். நான்கு கிலோமீட்டர் முதுகுப் பக்கமாக நடந்து, ஒரு மாட்டின் மேலும் ஒரு பஸ் நிறுத்தத்தின் மேலும் மோதி, பொழுது சாயும் நேரத்தில் டீக்கடைக்கு வந்து சேர்ந்தார்கள். கடைக்காரர் மூட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். பின்புறமாக வருகிறவர்களைப் பார்த்து, போகிறீர்களா வருகிறீர்களா என்று கேட்டார். அது அவர்களுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. இன்னொரு டீ குடித்தார்கள். இந்த முறை மூட்டையை மறக்கவில்லை. பம்பை மறந்துவிட்டார்கள்.

புதன்கிழமை காலை பத்து இருபதுக்குக் கல்லேரி தெரிந்தது. கண் சிவந்து, முட்டி பெயர்ந்து, சட்டையெல்லாம் வாய்க்கால் சேறாக, நாச்சிமுத்து செங்கோடன் வீட்டுக்கு நேரே ரோட்டில் சைக்கிளை நிறுத்தினான். வீடு ரோட்டுக்குத் தெற்கே, நாற்பதடி உள்ளே. வாசலில் செங்கோடன், அவருடைய நான்கு பிள்ளைகள், பஸ்ஸில் வந்து இறங்கிய நாச்சிமுத்துவின் அம்மா, தரகர் ராயப்பன் எல்லோரும் நின்றார்கள். மாப்பிள்ளை மேற்கே கிளம்பிப் போன செய்தியை அன்று காலையில்தான் கேள்விப்பட்ட ராயப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாசலைப் பார்த்துத் திரும்பினால் மலை முதுகுக்குப் பின்னால் போய்விடும். முதுகு வலது கை ஆகாது. நூற்றெழுபத்தோரு கிலோமீட்டர் கட்டிக்காத்த வலது கையை நாற்பதடியில் விட்டுவிட நாச்சிமுத்துவுக்கு மனசு வரவில்லை. நான்கு பேரும் மேற்கே பார்த்த முகம் பார்த்தபடியே, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, நண்டு நகர்வதைப் போலப் பக்கவாட்டில் எட்டு வைத்தார்கள். கையைக் குறுக்கே மாற்றிப் பிடித்தே பழகிவிட்ட மூன்று பேருக்குச் சைக்கிளைத் தூக்கவும் அப்படித்தான் வந்தது. ஊரே வேலி ஓரம் கூடிவிட்டது. வாசற்படியில் நாச்சிமுத்துவின் இடது கால் பட்டபோது மணி பத்து இருபத்தொன்பது.

உள்ளே பாயில் உட்கார்ந்தபோதும் முகத்தைத் திருப்பவில்லை. எதிரே சுவரில் ஒரு உரக்கம்பெனிக் காலண்டர் தொங்கியது. சமையல்கட்டு இடது கைப் பக்கம். காப்பி டம்ளரோடு மயிலாத்தாள் வந்து நின்றதைக் கொலுசுச் சத்தத்தில் தெரிந்துகொண்டான். திரும்பிப் பார்க்க அவனுக்கு உயிரே துடித்தது. கழுத்தை மட்டும் திருப்பலாமா என்று சென்னியப்பனைக் கண்ணால் கேட்டான், தலைவர் கண்ணாலேயே மறுத்தார். பார்க்க ஆசைப்பட்ட பெண் பக்கத்தில் நிற்க, நாச்சிமுத்து யூரியா மூட்டையின் படத்தைப் பார்த்துக்கொண்டு வேர்த்தான்.

செங்கோடனுக்கு அது பிடித்துவிட்டது. முன்பு வந்தவர்கள் எல்லோரும் பெண்ணை முழுங்குவதைப் போலப் பார்த்தார்களாம், இவன் அடக்கமான பையனாக இருக்கிறானே என்று மூத்த மகனிடம் சொன்னார். முட்டாளைக் கண்டுபிடிக்க இன்னொரு முட்டாளால் ஆகாது.

மயிலாத்தாளால் ஆயிற்று. இரண்டு நாள் ஏன் ஆனது என்று அவள் கேட்டாள். வெள்ளியங்கிரி பூசாரி சொன்னதிலிருந்து பம்பு போனது வரைக்கும் ஒன்றுவிடாமல் விளக்கினான். அவள் முழுசையும் கேட்டாள், சிரிக்கவில்லை. அப்பாவும் அண்ணன்மார் நான்கு பேரும் ஓயாமல் கத்துகிற வீட்டில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவள் அவள். தண்ணி கொண்டா, சோறு போடு, பித்தானைத் தை என்று யாராவது கூப்பிடாத ஒரு மத்தியானத்தை அவள் கண்டதில்லை. வாரப் பத்திரிகையில் தொடர்கதையின் ஒரு அத்தியாயத்தை ஒரே மூச்சில் படித்து முடித்ததில்லை. டம்ளரை நாச்சிமுத்துவின் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. இனி எங்கூருக்கு வாரப்பெல்லாம் இப்பிடித்தான் சுத்திட்டு வருவீங்களா?”

நாச்சிமுத்து காலண்டரைப் பார்த்து யோசித்தான்.

“சாமி என்னைக்கும் சாமிதானுங்களே,” என்றான்.

“அப்ப எனக்குச் சம்மதமுங்க,” என்றாள் மயிலாத்தாள்.

தரகர் ராயப்பன் தூணை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். பதினோரு மணிக்கு வந்த பால் சொசைட்டிக் கிளார்க் நேராக வாசலைப் பார்த்து நடந்து வந்ததைப் பார்த்து, இவனுக்கு மட்டு மரியாதை தெரியவில்லையே என்று செங்கோடன் முகத்தைச் சுளித்தார். குடத்துத் தண்ணீரை அப்படியே சிந்தாமல் இறக்கி வைத்தார்கள்.

வைகாசியில் கலியாணம் நடந்தது. கல்லேரியிலிருந்து மந்தணம்பாளையத்துக்கு வர மலை வலது கைப் பக்கம்தான், ஆகவே பெண் வீட்டார் ஒன்பது கிலோமீட்டரில் வந்து சேர்ந்தார்கள். கழகம் ஊர் முகப்பில் ஒரு மைல்கல் நட்டு, ‘கல்லேரி 171’ என்று கொட்டை எழுத்தில் எழுதியது. நாம் அவர்களுக்குப் பக்கம், அவர்கள் நமக்குத் தூரம், பெண் எடுத்த இடத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சென்னியப்பன் விளக்கம் சொன்னான். செங்கோடன் சீராக மகளுக்கு ஒரு பச்சை நிறச் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தார்.

ஆனியில் ஒரு நாள் காலை நாச்சிமுத்து தோட்டத்திலிருந்து வந்தபோது அவள் இல்லை, பச்சைச் சைக்கிளும் இல்லை. கல்லேரியில் அம்மாவைப் பார்த்துவிட்டு வரப் போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கட்டிய பெண்டாட்டி தனியாக அத்தனை தூரம் போகலாமா என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. கழகத்தைக் கூட்டிக்கொண்டு அப்பொழுதே மேற்கே மிதித்தான். மூன்றாம் நாள் கல்லேரியில் பக்கவாட்டில் நுழைந்தபோது மாமியார், அவள் வந்த அன்றைக்கே மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிட்டாளே என்றார். வீட்டுக்கு ஓடி வந்தால் மயிலாத்தாள் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு தொடர்கதை படித்துக்கொண்டிருந்தாள். முகம் நன்றாகத் தெளிந்திருந்தது.

அன்று சாயங்காலம் எடைமேடைக் கொட்டகையில் அவசரக் கூட்டம். காலையில் கிளம்பியவள் நூற்றெழுபத்தோரு கிலோமீட்டர் போய், அம்மாவோடு பேசி, ஒன்பது கிலோமீட்டர் திரும்பி வந்து, மத்தியானத்துக்குள் சோறும் ஆக்கியிருக்கிறாள். வெள்ளியங்கிரி மூன்று முறை விரல்விட்டுப் பார்த்தான். சந்தேகமே இல்லை. கடைசியில் சென்னியப்பன் எழுந்து, மீசை இருந்து என்ன பிரயோசனம் என்று சொல்லித் தலைவர் பதவியை விட்டுக் கொடுத்தான். மயிலாத்தாளைக் கழகத் தலைவியாக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்து, மாலையோடு வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள்.

அவள் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு மாலையை வாங்கி வைத்தாள். பழக்கம் பத்தவில்லை, இனி வாரம் ஒரு சுற்று, நாளைக் காலையிலேயே கிளம்ப வேண்டும் என்று முதல் உத்தரவு போட்டாள். தலைவி முன்னால் போக வேண்டாமா என்று குழந்தைவேலு கேட்டான்.

“நீங்க முன்னால போங்க. நான் பொறகால வந்து முந்திக்கறேன்.”

விடியக் கிளம்பினார்கள், மலை வலது கைப் பக்கம். நாச்சிமுத்து வழியெல்லாம் அடிக்கொரு தரம் பின்னால் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே மிதித்தான். பச்சைச் சைக்கிள் வரவில்லை. மூன்றாம் நாள் வீட்டு வாசலில் வந்து விழுந்தபோது அவள் ஏற்கெனவே வந்து, தலைக்குக் குளித்து, கூந்தலை ஆற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எப்போது முந்தினாய், நான்கு பேரில் ஒருத்தரும் பார்க்கவில்லையே என்று கேட்டான்.

“நீங்கெல்லாம் டீ குடிச்சுட்டு இருந்தீங்கொ,” என்றாள்.

நான்கு பேருக்கும் அவமானமாகப் போய்விட்டது. அன்றைக்குக் கழகம் கூடி, இனி வழியில் யாரும் டீ குடிப்பதில்லை என்று தீர்மானம் போட்டது. போட்டு இப்போது ஆறு வருஷம் ஆகிறது, இன்றுவரை ஒரு சொட்டு டீ தொட்டதில்லை. ஆனாலும் அவளை முந்த முடியவில்லை.